காப்புறுதி கேட்கிற வீட்டுக்காரர் முதலில் கடதாசி தரட்டும்

 

பதிவு கொஞ்சம் நீளம். வீடு வாடகைக்குக் கொடுத்திருப்பவர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

டித்வா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கத்து வாடகைப் பேச்சுக்குள் புதிதாக ஒரு நிபந்தனை நுழைந்திருக்கிறது. "காப்புறுதி ஒன்று எடுத்திட்டு வாங்க டீச்சர், அதுக்குப் பிறகு அடுத்த வருசத்துக்கு எழுதுவம்." உடப்பிலும் ஆண்டிமுனையிலும் புளிச்சாக்குளத்திலும் வெளியூரிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கிற ஆசிரியர்கள் நாங்கள். எங்களில் சிலருக்கு இந்தப் பேச்சு நேரே வந்தது. சிலருக்குப் பக்கத்து வீட்டு அக்கா மூலமாக வந்தது. கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெருநாளைக்கும் பொங்கலுக்கும் எங்களோடு தட்டு மாற்றிக்கொள்கிற மனிதர்கள்தான். மகன் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய காசில் கட்டிய வீடு தண்ணீருக்குள் நின்றால் எந்தத் தகப்பனுக்கும் பயம் வரும். அந்தப் பயம் எங்களுக்கும் இருக்கிறது, நாங்கள் அதே வீட்டுக்குள்தானே இருக்கிறோம்.

ஆனால் வீட்டுக்காரர் இப்படி ஒரு நிபந்தனை போடலாமா? போட்டால் எதற்குப் போடலாம்? இதை யாரும் இருந்து பேசுவதாகத் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். நாம் வீடு என்று ஒரே சொல்லில் சொன்னாலும் காப்புறுதிக் கம்பனிக்கு அது மூன்று விடயம். சுவரும் கூரையும் ஒன்று. உள்ளே இருக்கிற கட்டில், பிறிஜ், தையல் மெசின், பிள்ளையின் லெப்டொப் இன்னொன்று. குடியிருப்பவரின் கவனக்குறைவால் அந்த வீட்டுக்கோ அடுத்த வீட்டுக்கோ சேதம் வந்தால் அதற்குக் கொடுக்க வேண்டிய நட்டஈடு மூன்றாவது. மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது இலேசாக விளங்கும். தேர்ட் பார்ட்டி இல்லாமல் றோட்டில் இறங்கினால் பொலிஸ் பிடிக்கும், ஏனென்றால் அது மற்றவனுக்கு நாம் செய்கிற சேதத்துக்கானது. எங்கள் சைக்கிள் நெளிந்தால் அதற்கு 'ஃபுல்' போடுவதும் போடாமல் விடுவதும் எங்கள் விருப்பம். சட்டம் அதில் தலையிடாது.

எந்தப் பொருள் அழிந்தால் யாருக்கு நட்டமோ அவர்தான் அதைக் காப்புறுதி செய்யலாம். காப்புறுதியின் அடிப்படையே அதுதான். சுவரும் கூரையும் வீட்டுக்காரருடையவை, அவற்றுக்கு எடுக்க வேண்டியவர் அவர். எங்கள் பிறிஜ்ஜுக்கு எடுக்க வேண்டியவர் நாங்கள். சில வீட்டுக்காரர்கள் நினைப்பது போல, வாடகைக்காரர் எடுத்த பத்திரத்தைக் காட்டி வெள்ளத்தில் இடிந்த மதிலைக் கட்ட முடியாது. வாடகைக்கு இருக்கிற நாங்களும் ஒரு பிழையான நினைப்பில் இருக்கிறோம். வீட்டுக்காரர் வீட்டுக்குக் காப்புறுதி போட்டிருந்தால் எங்கள் சாமானுக்கும் காசு வரும் என்று நினைக்கிறோம். ஒரு சதமும் வராது. அது மட்டும் இல்லை, எங்கள் கவனக்குறைவால் தீப்பிடித்தது என்று தெரிந்தால், கம்பனி வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அவருடைய இடத்தில் நின்று எங்களிடம் அந்தக் காசைக் கேட்கலாம்.

ஆசிரியர்களிடம் இன்னொரு வேடிக்கை. "உங்களுக்குத்தான் அக்ரஹார வெட்டுறாங்களே, பிறகு என்ன?" என்று கேட்கிறார்கள். சம்பளத்தில் வெட்டுகிற அக்ரஹார ஆஸ்பத்திரிச் செலவுக்கானது. ஓடு பறந்ததற்கு அக்ரஹாரவில் கேட்டால் சிரிப்பார்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? வாடகைக்கு இருப்பவர் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும் என்று இலங்கையில் சட்டம் இல்லை. வீட்டுக்காரர் கேட்கக் கூடாது என்றும் இல்லை. இரண்டு பேரும் பேசி எழுதிக்கொண்டால் அது ஒப்பந்தம், அவ்வளவுதான். எழுதாத இடத்தில் ரோமன் டச்சுச் சட்டம் நிற்கிறது. அதன்படி, குடியிருப்பவரின் குற்றம் இல்லாமல் புயலோ வெள்ளமோ வீட்டைக் கெடுத்தால் அந்த நட்டம் சொந்தக்காரருடையது. வீடு இருக்க முடியாத நிலையில் கிடந்த நாட்களுக்கு வாடகையில் கழிவு கேட்கவும் குடியிருப்பவருக்கு உரிமை உண்டு. எங்கள் கவனக்குறைவால் வந்த சேதம் என்றால் அது எங்கள் தலையில். டித்வாவை நாங்கள் கூப்பிடவில்லை. ஆகவே வெள்ளத்தைக் காட்டி எங்களிடம் காப்புறுதி கேட்பதில் நியாயம் குறைவு. அடுப்பைக் காட்டிக் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

அடுப்பு என்றதும் 2021 கடைசி மாதங்கள் ஞாபகம் வருகிறது. நாடு முழுக்க காஸ் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்தன. சிலிண்டருக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் கலக்கிற அளவை மாற்றியதுதான் காரணம் என்று பிறகு பேசப்பட்டது. அந்த நாட்களில் வாடகை வீட்டில் சோறு காய்ச்சின ஒரு பெண்ணின் அடுப்பு வெடித்து வீட்டுக்காரரின் குசினி கரியாகியிருந்தால் யாருடைய குற்றம்? அவளுடையதும் இல்லை, வீட்டுக்காரருடையதும் இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கோபப்பட்டுக்கொண்டு நின்றிருப்பார்கள். உடப்பில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு ஆள் சரிந்து போகிற இடம்தான் பல ஒழுங்கைகளில் இருக்கிறது. கிடுகு வேலி இன்னும் இருக்கிறது. ஒரு வீட்டில் பற்றினால் அது அந்த வீட்டோடு நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பொறுப்புக் காப்புறுதி என்று ஒன்று இங்கே தேவையா என்று கேட்டால், தேவைதான் என்று நாங்களும் சொல்வோம்.

(ஆடியில் திரௌபதை அம்மன் திருவிழா வரும்போது வீட்டுக்காரரின் சொந்தங்கள் வந்து எங்கள் வாடகை வீட்டின் முன் அறையிலும் படுப்பார்கள். எங்களுக்கு அது சந்தோசம். ஊரே நிறைந்து கிடக்கிற அந்த நாட்களில் குசினியில் நான்கு பேர் சமைக்கும்போது ஏதும் நடந்தால் யார் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டி வருமோ என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.)

வெளிநாட்டில் எப்படி என்று பார்த்தால் மூன்று விதமாக இருக்கிறது. பிரான்ஸில் இருக்கிற எங்கள் ஆட்களைக் கேளுங்கள், வீட்டுக் காப்புறுதிக் கடிதம் கொடுக்காமல் திறப்பு கையில் வராது. 1989 ஜூலை 6ஆம் திகதிச் சட்டப்படி வாடகைக்கு இருப்பவர் தீ, தண்ணீர், வெடிப்பு ஆகியவற்றால் வீட்டுக்கு வரும் சேதத்துக்குக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும். வருடா வருடம் அத்தாட்சி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை முறிக்கலாம். 2014க்குப் பிறகு அவரே எங்கள் பெயரில் எடுத்து அந்தக் காசை மாத வாடகையோடு அறவிடவும் வழி இருக்கிறது. இங்கிலாந்தில் நேரெதிர். 2019ஆம் ஆண்டின் வாடகைக்காரர் கட்டணச் சட்டம், காப்புறுதி எடு என்று குடியிருப்பவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. வைப்புப் பணமும் சாதாரண வீடுகளுக்கு ஐந்து கிழமை வாடகைக்கு மேல் வாங்க முடியாது. அமெரிக்காவில் ஒரேகன் மாநிலம் இடையில் நிற்கிறது. வீட்டுக்காரர் பொறுப்புக் காப்புறுதி கேட்கலாம், ஆனால் அந்தப் பகுதியின் நடுத்தர வருமானத்தில் பாதியோ அதற்குக் குறைவோ உழைக்கிற குடும்பத்திடம் கேட்கக் கூடாது.

எங்களுக்கு ஒரேகன் சட்டம் பிடித்திருக்கிறது. காரணம் இதுதான். நாங்கள் மாதச் சம்பளக்காரர். முணுமுணுத்தாலும் எப்படியோ கட்டிவிடுவோம். ஆனால் உடப்பில் வாடகைக்கு இருப்பது ஆசிரியரும் தாதியும் மட்டுமா? கரைவலை இழுக்க வருகிறவர்கள், இறால் பண்ணையில் காவலுக்கு இருப்பவர்கள், கருவாடு காய வைக்கிற வேலைக்கு வந்து ஓர் அறையில் நான்கு பிள்ளைகளோடு இருக்கிற குடும்பங்கள் எல்லாம் இருக்கிறார்கள். இன்றைக்கு டீச்சரிடம் கேட்டு டீச்சர் சரி என்றால், நாளைக்கு அது ஊர் வழக்கம் ஆகிவிடும். பிறகு கருவாட்டுக்கார அக்காவிடமும் அதே கடதாசியைக் கேட்பார்கள். அவரிடம் அது இருக்காது. கடல் இல்லாத மாதத்தில் அரிசிக்கே கடன். அதனால்தான் எங்களுக்குள் முடித்துக்கொள்ளாமல் இதை ஊருக்கு முன்னால் எழுதுகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களில் பலர் ஆறு மாதம், ஒரு வருடம் என்று அட்வான்ஸ் கொடுத்துத்தான் வந்தோம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்று இருக்கிறது. ஆனால் 1980 ஜனவரி முதலாம் திகதிக்குப் பிறகு கட்டிய வீடுகள் அந்தச் சட்டத்துக்குள் வராது, எங்கள் பக்கத்து வீடுகள் அநேகமாக அதற்குப் பிறகு கட்டியவை. ஆகவே சட்டத்தைக் காட்டிச் சண்டை பிடிக்க நாங்கள் வரவில்லை. ஒரு வருட வாடகையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அதற்கு மேல் காப்புறுதியும் கேட்பது ஒரே பயத்துக்கு இரண்டு முறை காசு வாங்குவது. காப்புறுதி வேண்டுமென்றால் அட்வான்ஸைக் குறையுங்கள். அட்வான்ஸ் வேண்டுமென்றால் காப்புறுதியை விடுங்கள்.

இனித்தான் முக்கியமான கதை. காப்புறுதிக் கம்பனிக்குப் போனால் அவர்கள் முதலில் கேட்பது என்ன? இந்த முகவரியில் இருக்கிறீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி? எங்களில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது? வாடகைக்குப் பற்றுச்சீட்டு கிடையாது. மின்சார பில் வீட்டுக்காரரின் பெயரில், தண்ணீர் பில் அவருடைய வாப்பாவின் பெயரில். ஒப்பந்தம் என்றால் ஒரு கொப்பித் தாளில் இரண்டு கையெழுத்து, அதுவும் ஒரே பிரதி, அது அவருடைய அலுமாரியில். வாக்காளர் இடாப்பில் இந்த முகவரியில் பதிய விடமாட்டார்கள். "பதிஞ்சா பிறகு வீட்டை விட்டுப் போகமாட்டாங்க" என்று எப்போதோ யாரோ சொன்ன பயம். நாங்கள் எடுக்கச் சொல்கிற பத்திரத்தை எடுக்க விடாமல் தடுப்பதே அந்தப் பயம்தான்.

டித்வா நேரம் இது வெளியே வந்தது. 2025 நவம்பர் கடைசியில் புயலும் வெள்ளமும் வந்து போன பிறகு வீடு துப்புரவாக்க 25,000 ரூபா, வீட்டுச் சாமான் வாங்க 50,000 ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. அந்தக் காசு வந்து சேர வேண்டுமென்றால் இந்த வீட்டில் இந்தக் குடும்பம் இருந்தது என்று கிராம அலுவலர் எழுத வேண்டும், முந்தல் பிரதேச செயலகத்துக்குப் பட்டியல் போக வேண்டும். இடாப்பிலும் பெயர் இல்லை, கையில் ஒப்பந்தமும் இல்லை என்றால் அவர் எதை வைத்து எழுதுவார்? மெத்தை எங்களுடையது, நனைந்த கொப்பிகள் எங்கள் பிள்ளைகளுடையவை, பதிவில் இருக்கிற பெயர் மட்டும் வேறு ஒருவருடையது. வாடகைக்கு இருக்கிறவர்கள் அந்தக் கிழமைகளில் ஒவ்வொரு மேசையாக விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் எங்களில் இருக்கிறார்கள். எங்கள் உம்மாமார் இன்றைக்கும் ஒன்று சொல்வார்கள். அவசரத்தில் உறுதியை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர் பிறகு ஒரு கந்தோரில் போய் நின்று இது என்னுடையது என்று சொல்ல முடிந்தது. வாடகைக்கு இருந்தவரிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. அலுமாரி நிறையச் சாமான் இருந்தது என்று வாயால் சொன்னால் யார் எழுதிக்கொள்வார்? கடதாசி என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான். அதை எங்களை நம்பவில்லையா என்று எடுக்க வேண்டாம்.

வீட்டுக்காரர்களின் பயத்துக்கு ஒரு பதில் இருக்கிறது. 1840ஆம் ஆண்டிலேயே வந்த மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதினால்தான் செல்லும். கொப்பித் தாளில் எழுதிய ஒரு வருட ஒப்பந்தம் சட்டத்தின் கண்ணில் ஒரு வருட ஒப்பந்தமே இல்லை. அதற்குள் காப்புறுதி நிபந்தனையை எழுதி என்ன பிரயோசனம்? அடுத்தது, 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம். குத்தகை முடிந்தும் இடத்தை விடாதவரிடமிருந்து அதைத் திரும்ப எடுக்க மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கமான வழி ஒன்றை அது திறந்துவிட்டது. நொத்தாரிசு முன்னால் ஒழுங்காக எழுதியவருக்குத்தான் அந்த வழி. எழுதினால் வாடகைக்காரர் வீட்டைப் பிடித்துக்கொள்வார் என்பது பழைய கதை. இப்போது எழுதாமல் விட்டவருக்குத்தான் வீட்டைத் திரும்ப எடுப்பது கஷ்டம்.

எங்கள் பக்கத்துக் கேள்வி ஒன்றும் இருக்கிறது. "நீங்க முஸ்லிம் ஆக்கள், காப்புறுதி ஹறாம் என்று சொல்வீங்களே?" என்று ஓர் அண்ணன் பகிடியாகக் கேட்டார். பகிடி இல்லை, உண்மையான கேள்வி. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு மன்றம், நிலையான கட்டணம் வாங்கி இலாபத்துக்கு நடத்துகிற வணிகக் காப்புறுதி கூடாது என்றும், எல்லாரும் சேர்ந்து போட்டு நட்டப்பட்டவருக்குக் கொடுக்கிற கூட்டுறவு முறை கூடும் என்றும் முடிவு சொன்னது. அந்த முறையைத்தான் தகாபுல் என்கிறோம். இலங்கையிலும் தகாபுல் இருக்கிறது. உடப்பு ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஊரில் மரண உதவிச் சங்கம் எப்படி நடக்கிறது? மாதம் மாதம் எல்லாரும் போடுகிறோம், யார் வீட்டில் மையித்தோ அங்கே காசும் கதிரையும் கூடாரமும் போகிறது. யாரும் அதில் இலாபம் எடுப்பதில்லை. அதே யோசனைதான். ஆகவே ஒரு வீட்டுக்காரர் இந்தக் கம்பனியில்தான் எடுக்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கக் கூடாது. அதிலும் தெரிந்த ஏஜெண்டைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவது சரியில்லை. எங்கே எடுப்பது, தகாபுலா மற்றதா என்பது காசு கட்டுகிறவரின் முடிவு.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியுமா? 2016இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் மூலமாக எல்லா வீடுகளுக்கும் இயற்கை அனர்த்தக் காப்புறுதி என்று தொடங்கினார்கள், ஒரு வீட்டுக்கு 25 இலட்சம் ரூபா வரை என்றார்கள். நல்ல யோசனை. ஆனால் எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் அந்தந்த நேரத்து அரசாங்கத்தின் கையில். அதை நம்பி நாம் எழுதாமல் இருக்க முடியாது.

நாங்கள் எங்களுக்குள் பேசி வீட்டுக்காரர்களிடம் கொடுப்பதற்கு ஒரு வாசகம் எழுதியிருக்கிறோம். விரும்பினவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

"கட்டடத்துக்கான காப்புறுதி வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. குடியிருப்பவரின் கவனக்குறைவால் கட்டடத்துக்கு ஏற்படும் சேதத்துக்குக் குடியிருப்பவர் தான் விரும்பிய நிறுவனத்தில், வணிக முறையிலோ தகாபுல் முறையிலோ பொறுப்புக் காப்புறுதி எடுப்பார். அப்படி எடுத்தால் முற்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படாது. குடியிருப்பவரின் சொந்தப் பொருட்களுக்குக் காப்புறுதி எடுப்பது அவர் விருப்பம். வாடகைக்கு மாதாந்தம் பற்றுச்சீட்டு வழங்கப்படும். கிராம அலுவலரிடமும் வாக்காளர் இடாப்பிலும் இந்த முகவரியில் பதிவதற்குச் சொந்தக்காரர் ஒப்பமிடுவார். வெள்ளம், புயல் காரணமாக வீடு குடியிருக்க முடியாத நாட்களுக்கு வாடகை இல்லை."

நாட்கூலிக்கு வேலை செய்கிற குடும்பங்களுக்கு இரண்டாவது வசனத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை எழுதிக்கொடுங்கள் என்று வீட்டுக்காரர்களைக் கேட்கிறோம். அவர்களுக்குப் பற்றுச்சீட்டும் பதிவும்தான் அவசரம்.

எழுத உதவி வேண்டுமென்றால், வீட்டுக்காரரானாலும் சரி குடியிருப்பவரானாலும் சரி, பாடசாலை விட்ட பிறகு எங்களில் யாரையாவது பிடியுங்கள். தமிழில் எழுதித் தருவோம், காசு வேண்டாம். நொத்தாரிசுக்குக் கொடுக்கிற கூலியை மட்டும் இரண்டு பேரும் பாதி பாதியாகப் பேசிக்கொள்ளுங்கள்.